சம்பந்தியம்மாவின் தண்டும் எங்கள் வீட்டு ரீஸ்லிங்கும்

கோல்மார் அருகே,
மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்கா மரி-ரேனுக்கு,

தங்கை எத்விஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தியோபாலும் சலோமேயும் திராட்சைக் கொடிகளும் நலம். கொடிகள் மட்டும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். உன் கால்கட்டைப் பிரித்துவிட்டார்களா, லீல் நகரத்து மழை விட்டதா என்று அறிய ஆவல். நீ வர முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை விருந்து எப்படி நடந்தது என்று எழுதச் சொல்லியிருந்தாய். 'நன்றாக நடந்தது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் தத்துவம் படித்து, அதையே பள்ளியில் பாடமாகவும் நடத்திக்கொண்டு, தெரிந்தே ஒரு பொய்யைத் தபாலில் போட மனம் வரவில்லை.

சலோமே கட்டிக்கொள்ள ஆசைப்படும் கோத்தியே நல்ல பையன். பேச்சில் நிதானம், குடிப்பதில் நிதானம். அவனிடம் உள்ள ஒரே குறை, அவன் அஸ்பாரகஸ் பயிரிடும் வீட்டில் பிறந்ததுதான். அந்த வெள்ளைத் தண்டைத் தின்ற வாயில் நல்ல ஒயினை ஊற்றினால் பழைய சாவியை நக்கியதுபோல் இருக்கும் என்று ஒயின்காரர்கள் சொல்வார்கள். ஒயின்காரர்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவது வழக்கம். இது அந்தப் பாதியில் சேர்ந்தது. ஒயின் செய்தே தலை நரைத்த என் வீட்டுக்காரர் தியோபால் விஷயத்தைக் கேட்டதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாங்க்ல வேலை பாக்குறவனைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். போலீஸ்காரனைக் கேட்டிருந்தாகூட யோசிச்சிருப்பேன். ஒயினைக் கொல்ற காயை விக்கிற வீட்டுக்கா என் பொண்ணு?"

"அப்பா, நான் கட்டிக்கப்போறது கோத்தியேயை. தண்டை இல்ல."

"ரெண்டும் ஒரே நிறமாத்தான் இருக்கு."

சலோமேக்கு வயது வந்துவிட்டது. நகர்மன்றத்தில் போய்க் கல்யாணக் கையெழுத்துப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அவள் அப்பா செல்லம். "நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு ஓரமா நிக்கிற கல்யாணம் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பையனின் அம்மா ஞாயிறு மதியம் சாப்பிட வருவார். அவர் தண்டு கொண்டுவருவார், இவர் ஒயின் எடுத்துவைப்பார். சாப்பாடு முடிந்ததும் தியோபால் தன் முடிவைச் சொல்வார். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு காய்கறியை நம்பி நிற்பதை எந்தத் தத்துவ ஆசிரியரும் இதுவரை எனக்கு விளக்கியதில்லை.

இதற்கு மருந்து இல்லாமலில்லை, அக்கா. அஸ்பாரகஸுக்கு ஏற்றது முஸ்கா ஒயின்தான் என்று நம் அல்சாஸில் எல்லாருக்கும் தெரியும். தியோபாலுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே அதைச் செய்யமாட்டார். அவருக்கு ரீஸ்லிங் ஒன்றுதான் திராட்சை. மற்றவையெல்லாம் அதன் ஏழை உறவினர்கள். முஸ்காவைப் பற்றி அவர் சொல்வது: "குடிச்சா பழத்தைக் கடிச்ச மாதிரியே இருக்கு. திராட்சையைத் திராட்சை மாதிரி மணக்கவைக்க மனுஷன் எதுக்கு? அதுவே பண்ணிக்கும்." அதனால் எங்கள் முஸ்கா சமையலறைக்கு வந்துவிடும். கொஞ்சம் குழம்பில் ஊற்றுவேன், கொஞ்சம் எனக்குள் ஊற்றிக்கொள்வேன்.

ஞாயிறன்று கோத்தியேயின் அம்மா மதாம் வெண்ட்லிங் வந்து இறங்கினார். பெரிய உருவம், பெரிய குரல், கணவர் இறந்த பிறகு தனி ஆளாக நின்று தோட்டத்தை நடத்துகிறவர். தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறவரைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "காலைல மண்ணுக்குள்ள தூங்கிட்டிருந்ததுங்க. வேற எதுவும் சமைக்காதீங்க. ஹாம் வேணா வைங்க, அது சும்மா கண்ணுக்கு" என்றார். அதுவரை எல்லாம் நலம்.

தியோபால் முதலில் இளம் ரீஸ்லிங்கைத் திறந்தார். சம்பந்தியம்மா ஒரு தண்டைத் தின்று, ஒரு வாய் குடித்து, நாக்கை வாய்க்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எலுமிச்சை வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆணியை எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். இவர் உடனே என் பக்கம் திரும்பி, "எத்விஜ், க்ளாஸை எந்தச் சோப்பு போட்டுக் கழுவின?" என்றார், நான் போய் எல்லா க்ளாஸையும் மறுபடி கழுவிக்கொண்டு வந்தேன், அதற்குள் இவர் நிலவறைக்கு ஓடி சலோமே பிறந்த வருஷத்து ரீஸ்லிங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அதுவோ பழசாகப் பழசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும், அதைத்தான் பெருமை என்பார்கள், அந்தம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டி, "டிராக்டரை ஓடவிட்டே வந்துட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்க, இவர் முகம் கறுத்து, பினோ கிரியைத் திறந்தார், அது மழையில் நனைந்த நாயைப்போல் ஆகியிருந்தது, கெவுர்ஸ்ட்ரமீனரைத் திறந்தார், ரோஜாப் பூக்கூடையை யாரோ கோழிக்கூண்டில் கவிழ்த்ததுபோல் இருந்தது, வேறு வழியில்லாமல் சிவப்பு பினோ நுவாரைத் திறந்தார், அதைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. கோத்தியே மட்டும் ஒவ்வொரு க்ளாஸையும் கடைசிச் சொட்டுவரை குடித்து, "அருமை மாமா, அருமை மாமா" என்றான். நிறம் விஷயத்தில் இவர் சொன்ன குறை அப்போது அவனிடம் இல்லை. நன்றாகச் சிவந்திருந்தான்.

இவர் க்ளாஸைத் தட்டென்று மேசைமேல் வைத்தார். "என் ஒயின் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

"என்னது? என் தண்டு மேலயா?" என்றார் சம்பந்தியம்மா. "பாரீஸ்லேர்ந்து பெரிய பெரிய சமையல்காரங்க வந்து என் கால்ல விழுறாங்க, தெரியுமா?"

"விழுந்தவங்க எந்திரிச்சு என்ன குடிச்சாங்கன்னு கேட்டீங்களா?"

"தண்ணி குடிச்சாங்க!"

அக்கா, இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லை இதுவரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. சலோமே துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கிய விதத்தில் அழுகைதான் என்று தெரிந்தது. கல்யாணம் அவ்வளவுதான், போச்சு என்றே நினைத்தேன்.

சம்பந்தியம்மா எழுந்து, தன் ஈரத்துணியை எடுக்கச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கோபத்தில் அவருக்கு நாக்கு வறண்டிருக்க வேண்டும். அடுப்போரம் நான் குழம்புக்கு ஊற்றி மிச்சம் வைத்திருந்த முஸ்காவைக் காப்பிக் கோப்பையில் கவிழ்த்து ஒரே மூச்சில் குடித்தார். அப்படியே நின்றார். தட்டில் ஆறிக்கிடந்த ஒரு தண்டின் நுனியைக் கடித்தார். மறுபடி குடித்தார்.

"இது யாரோடது?"

"எங்களோடதுதான்."

"அந்த ஆளா பண்ணினாரு?"

"ஆமாம். நான் குடுத்தேன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் பாட்டிலையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் இவர் எதிரில் நின்றார். "சம்பந்தி, வாயைத் திறங்க. இந்தத் தண்டை மெல்லுங்க. ம், இப்போ இதைக் குடிங்க." கல்யாணமான நாளிலிருந்து தியோபாலிடம் நான் இந்தத் தொனியில் பேசிப் பார்த்ததில்லை. பலிக்கும் என்று தெரிந்திருந்தால் பேசியிருப்பேன். மென்றார். குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு தண்டைத் தானே எடுத்துக்கொண்டார், இன்னொரு வாய் குடித்தார். கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க முயன்றார். காப்பிக் கோப்பையில் என்ன தெரியும்?

"எவன் பண்ணினது இது?" என்றார் மெதுவாக. "தொழில் தெரிஞ்சவன்."

நான்தான் சொன்னேன். "நீங்கதான்."

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். "தெரியும்" என்றார். "உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

அக்கா, ஒரு கோப்பை ஒயின் மனிதர்களை மாற்றும் என்று நான் இப்போதும் நம்பவில்லை. ஆனால் அடுத்து நடந்தது இதுதான்: இவர் எழுந்து சம்பந்தியம்மாவை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், கோத்தியேயை "மாப்பிள்ளை" என்றார், சலோமேயை அணைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, சாலைக்குக் கீழே உள்ள முஸ்காத் தோட்டம் முழுவதும் சிறுசுகளுக்குக் கல்யாணப் பரிசு என்று அறிவித்தார். முன்ஸ்டர் பாலாடைக்கட்டி வந்ததும் கெவுர்ஸ்ட்ரமீனருக்கும் மானம் திரும்பியது. அந்தப் பாலாடைக்கட்டிக்கு ஏற்ற ஒயின் அதுதான். திங்கள் காலையிலிருந்து வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் முஸ்காவைத்தான் ஊற்றுகிறார். அதன் பெருமையை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தது தானே என்பதுபோல் பேசுகிறார். பாட்டிலின் பின்பக்கக் குறிப்பை எழுதுவது என் வேலையல்லவா, அதில் 'அஸ்பாரகஸின் பிறவித் துணை' என்று எழுதச் சொன்னார். பிறவியைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாததால் 'நல்ல துணை' என்று எழுதியிருக்கிறேன்.

கல்யாணம் ஜூன் கடைசியில். உன் கால் அதற்குள் உன் சொல் கேட்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. கடவுள் இருக்கிறாரா என்பதில் எனக்குள்ள ஐயம் ஒருபுறமிருக்க, அவர் உன்னை நல்லபடி வைத்திருக்க வேண்டும் என்பதில் ஐயம் இல்லை.

உன் அன்புத் தங்கை,
எத்விஜ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சலோமே மூச்சிரைக்க வந்தாள். "அம்மா, கோத்தியேயோட அம்மா நம்ம முஸ்காத் தோட்டத்துல கையை விட்டுப் பாத்தாங்க. மணல் மாவு மாதிரி இருக்காம். இப்படி ஒரு மண்ணு அவங்க ஊர்லயே கிடையாதாம். கொடியையெல்லாம் பிடுங்கிட்டு அஸ்பாரகஸ் போட்டுடலாம்னு மூணு பேரும் முடிவு பண்ணிட்டோம்" என்கிறாள். அப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். நியாயமாக இருக்கட்டும் என்று குடும்பத்தார் எல்லாருடைய பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கினோம். உன் பெயர் வந்திருக்கிறது, அக்கா.