பென்சிலில் எழுதிய ஏழைகள்

"சாய்ச்சுப் பிடி... இன்னும் சாய்ச்சு... நிலையில இடிக்குது பாருடா!"

துணிக்கடைக்காரரின் ஃப்ரிட்ஜ் பென்சிலின் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பென்சில் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு மூணு நாள்தான் சார்," என்றார் துணிக்கடைக்காரர். "கணக்கெடுப்பு முடிஞ்ச கையோட எடுத்துக்கிறேன். கணக்கெடுக்கிறவர் வீட்டை எவன் வந்து கணக்கெடுக்கப் போறான்?"

பென்சில் என்பது அலுவலகம் வைத்த பெயர். குடிநீர் வரிப் பிரிவில் இருபத்திரண்டு வருட எழுத்தர். எதையும் முதலில் பென்சிலில் எழுதி, நாலு தடவை சரிபார்த்து, அப்புறம்தான் பேனாவைத் திறப்பார். தன் கல்யாணப் பதிவேட்டிலேயே பென்சிலால்தான் கையெழுத்துப் போடப் போனார் என்று ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி இல்லை.

இப்போது அவரைப் புது மருத்துவத் திட்டத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்க விட்டிருந்தார்கள். வசதியுள்ள வீட்டுக்கு மஞ்சள் அட்டை. அவர்கள் கூடுதலாக ஒரு வரி கட்ட வேண்டும். மற்ற வீட்டுக்குப் பச்சை அட்டை. அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். படிவத்தில் பன்னிரண்டு பொருள். ஐந்துக்கு மேல் இருந்தால் மஞ்சள். பயிற்சி வகுப்பில் இதை இரண்டு மணி நேரம் விளக்கினார்கள். அந்தந்த வட்டத்து மஞ்சள் வரி அந்தந்த வட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மஞ்சள் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் ஒன்பது பங்கு போடும் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். பென்சில் பாதிதான் காதில் வாங்கினார். அவர் மனசு முழுக்க வியாழக்கிழமையில் இருந்தது.

வியாழக்கிழமை அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன். உள்ளே ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. கட்டிலிலிருந்து அடுப்படிக்கு எட்டு அடி. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். தனியார் ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வந்த அன்று பென்சிலுக்கும் நெஞ்சை அடைத்தது. பச்சை அட்டை இருந்தால் ஒரு காசு வேண்டாம். பெரிய டாக்டர் தேதியும் குறித்துவிட்டார். இதற்கு மேல் தள்ளிப் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

துணிக்கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லப் பென்சிலுக்கு வாய் வரவில்லை. மனைவிக்கு மூச்சு முட்டிய இரண்டு தடவையும் அவர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு தடவையும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், நல்ல மனுஷர். ஃப்ரிட்ஜ் உள்ளே போனது. பின்னாலேயே இரண்டு ஏசியும் ஒரு மசாஜ் நாற்காலியும் போயின.

அன்று சாயங்காலம் பென்சில் படிவத்தோடு எதிர்வீட்டு மாடிக்கு, துணிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்.

"ஏசி?"

"எங்க சார் இருக்கு? நீங்களே பாருங்க."

சுவரில் ஏசி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பென்சில் அந்த வெள்ளையையும் பார்த்தார், துணிக்கடைக்காரரையும் பார்த்தார். பிறகு 'இல்லை' என்று பென்சிலால் எழுதினார். எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதுதான் அவருக்கு ஒரே ஆறுதல்.

மறுநாள் காலையில் பல் டாக்டர் வந்து நின்றார். கையில் மீன்தொட்டி.

"ஏன் சார், அவருக்கு மட்டும்தான் உங்க வீட்டுல இடமா? உங்க வீட்டம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமப் பிடுங்கினேனே, மறந்துட்டீங்களா?"

"டாக்டர், உங்களுக்கு இந்த வரியெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

"விஷயம் இல்லை சார். ஆனா ஏன்னு கேக்கறேன். இருபது வருஷம் ஊரான் வாய்க்குள்ள தலையை விட்டுச் சம்பாதிச்ச காசு. இப்ப ஊரான் நெஞ்சுக்கும் நானே கட்டணுமா? நான் ஒருத்தன் கட்டாட்டி அரசாங்கம் கவுந்துடுமா?"

அந்த ஊரான் நெஞ்சு மூன்றடி தள்ளிக் கட்டிலில்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று பென்சில் யோசிப்பதற்குள் மீன்தொட்டி ஃப்ரிட்ஜின் தலையில் ஏறிவிட்டது.

"காலையில ரெண்டு சிட்டிகை தீனி போதும். அதிகமாப் போட்டா செத்துடும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் ஃப்ரிட்ஜையும் ஏசியையும் தூக்கி வர ஆள் அனுப்பினார்.

மத்தியானம் காண்ட்ராக்டர் வந்தார். அவர் எதுவும் பேசவில்லை. லாரியோடு வந்தார்.

வட்டத்தில் மொத்தம் எட்டுத் தெரு. ஏழு தெருவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் வசதி என்று ஒன்று அகப்படாது. இருந்த வசதியெல்லாம் இந்த எட்டாவது தெருவில்தான் குடியிருந்தது. அந்தத் தெருக் கோடியில் இருந்த பென்சிலின் ஒற்றை அறைக்கு அது இப்போது குடிமாறி வந்துவிட்டது. சோபாவுக்கு மேல் டிவி, டிவிக்கு மேல் இன்னொரு டிவி. வீட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

கட்டில் போட இடமில்லாமல் மனைவியை மசாஜ் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். அதில் சாய்ந்த வாக்கில் அவள் மூன்று மாதத்தில் முதல் தடவையாக நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள். பென்சில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது.

விழித்ததும் அவள் கேட்டாள். "என்னங்க, இது தப்பில்லையா?"

"தப்புதான்."

"அவங்ககிட்ட இருக்குல்ல. கொஞ்சம் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவாங்க?"

"அதேதான் நானும் நினைக்கிறேன்."

அவள் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணுங்க. ஒரு பொழுதுதான் உட்கார்ந்திருக்கேன். இப்ப யாராவது வந்து இதைக் கேட்டா எனக்கே குடுக்க மனசு வருமான்னு தெரியலை."

பென்சில் எழுந்து சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். எல்லாவற்றையும் அழித்து உள்ளபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த மச்சினன் துள்ளி எழுந்தான். அக்காவுக்குத் துணையாக வந்தவன். வந்ததிலிருந்து சோபாவுக்குத்தான் துணையாக இருந்தான்.

"மாமா, உங்களுக்கென்ன பைத்தியமா? அழிச்சீங்கன்னா வியாழக்கிழமை அக்காவை யார் கார்ல கூட்டிட்டுப் போவீங்க? நடத்தியா?"

"அதுக்காகப் பொய் எழுதறதா?"

"அவங்க கட்டினா நமக்கென்ன, கட்டாட்டி நமக்கென்ன? நம்ம பச்சை அட்டை நமக்கு. அரசாங்கத்துக்கிட்ட இல்லாத காசா?"

மனைவிக்கு இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ரப்பர் பைக்குள் திரும்பிப் போனது. பென்சில் உட்கார்ந்து, எட்டுத் தெருப் படிவத்தையும் பேனாவால் எழுதி முடித்தார். ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மேற்பார்வை அதிகாரி அம்மாள்.

"கணக்கெடுக்கிறவங்க வீட்டை மேலதிகாரிதான் கணக்கெடுக்கணுமாம். புது உத்தரவு. ஒரு நிமிஷ வேலை சார்," என்றவர், உள்ளே ஒரு காலை வைத்ததும் நின்றுவிட்டார். பிறகு பக்கவாட்டில் திரும்பி நண்டு நடை நடந்து வந்தார்.

பென்சில் பின்னாலேயே நண்டு நடை நடந்தார்.

"ஏசி நாலா?"

"ஆமா மேடம்."

"மாட்டாமக் கீழயே வச்சிருக்கீங்க?"

"வெயில் வரட்டும்னு..."

"ஃப்ரிட்ஜ் மூணு."

"ஒண்ணு மருந்துக்கு மேடம். ஒண்ணு தண்ணிக்கு."

"மூணாவது?"

"இது ரெண்டும் ரிப்பேரானா வேணுமே மேடம்."

அம்மாள் மீன்தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாம் உங்களோடதுதானா?"

இல்லை என்று சொன்னால் யாருடையது என்று கேட்பார். சொன்னால் தெரு முழுக்க மாட்டும். தெரு மாட்டினால் பொய்ப் படிவம் எழுதியவர் வேலையும் போகும், கம்பியும் எண்ண வேண்டும். வியாழக்கிழமை ஆபரேஷன் வாசலில் கையெழுத்துப் போட அவள் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

"எங்களோடதுதான் மேடம்," என்றார் பென்சில்.

"குடிநீர் வரிப் பிரிவுல இவ்வளவா வருது?"

"சிக்கனமா இருந்தோம் மேடம்."

அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"மேடம், முதல்ல பென்சில்ல எழுதிக்கிட்டு..."

"நான் பென்சிலே வச்சுக்கிறதில்லை சார்."

மஞ்சள் அட்டை மேஜைமேல் விழுந்தது. ஆபரேஷன் செலவு முழுக்க அவரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வியாழக்கிழமை இல்லை.

பென்சில் தெருவில் ஓடினார். "எடுத்துட்டுப் போயிடுங்க! எல்லாத்தையும் உடனே எடுத்துட்டுப் போயிடுங்க!"

கணக்கெடுப்பு முடிந்த சேதி தெருவுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அரை மணி நேரத்தில் வீடு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. வந்த வேகத்தில் காண்ட்ராக்டரின் ஆள் பென்சிலின் சொந்த மர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மசாஜ் நாற்காலியை எடுக்கும்போது மட்டும் துணிக்கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "அம்மா எந்திரிச்சதும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். பென்சில் மனைவியைத் தாங்கி எழுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பென்சில் அதிகாரி அம்மாளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"எங்க சார் எல்லாம்?"

"வித்துட்டேன் மேடம்."

"ஒரே நாள்லயா? அப்ப அந்தக் காசு?"

"கடன்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"மீனு?"

பென்சில் சட்டென்று உடைந்துபோனார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் மேலதிகாரி முன்னால் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனுஷர், வெறும் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "மேடம், நான் பணக்காரன் இல்லை மேடம். சத்தியமா இல்லை. அவளைப் பாருங்க. நாளை மறுநாள் விட்டா டாக்டர் தேதி தர மாட்டார். எனக்கு அவளை விட்டா யாரும் இல்லை மேடம்."

சுவரில் தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்த மனைவி, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினாள். அம்மாளின் கண்ணும் கலங்கிவிட்டது. பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார்.

"மாத்திடறேன் சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உங்க வட்டத்துல..."

"ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்! யோசிக்காதீங்க! எழுதிடுங்க!"

அம்மாள் பெருமூச்சு விட்டு எழுதினார். பென்சில் அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவி மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அன்றைக்கு அவளே எழுந்து, நாலு இடத்தில் நின்று, அடுப்படிக்குப் போய் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை துணிக்கடைக்காரர் சொன்னபடி காரோடு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பென்சிலின் தோளைத் தட்டினார்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும் சார். கையில பச்சை அட்டை இருக்கு, அப்புறம் என்ன கவலை?" என்றார். தன் சட்டைப் பையையும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "என் புண்ணியத்துக்கு என்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

கார் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். எல்லோர் கையிலும் பச்சை அட்டை. உள்ளே கவுண்ட்டரின் ஷட்டர் இறங்கியிருந்தது. பென்சில் மனைவியை மதில்மேல் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து வாட்ச்மேனிடம் அட்டையை நீட்டினார்.

"ஆபரேஷன்ங்க. இன்னிக்கு ஒன்பது மணிக்கு. கேட்டைத் திறங்க."

வாட்ச்மேன் அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போங்க சார், இந்த வட்டத்துக்குத் திட்டம் ரத்தாயிடுச்சு. மஞ்சள் அட்டை ஒண்ணாவது இருந்தாத்தான் அரசாங்கம் காசு போடுமாம். எட்டுத் தெருவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பணக்காரன்தான் இருந்தானாம்; அந்தப் பாவியும் முந்தாநாள் அழுது புலம்பி ஏழையா மாறிட்டானாம்."