பிரளயம் சார் மூடிய வால்வு

"உங்க கதைக்கு நாங்க ஏன் சார் நாறணும்?" மொட்டைமாடி அதிரக் கத்தினார் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி.

"சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்துடறேன்," என்றார் எழுத்தாளர். தண்ணீர்த் தொட்டியின் வால்வை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பதினோரு மணிக்கு என் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச வர்றாங்க. வீட்ல முகம் கழுவத் தண்ணி இல்ல!"

"இந்தத் தொட்டி ஒரே ஒரு ஆளுக்கு எத்தனை வாரம் வரும்னு அளவு எடுக்கணும் சார்."

"ஒரே ஆளா? மத்த இருபத்தி மூணு வீடு?"

"கதையில நீங்கல்லாம் இல்ல சார். முதல் வாரமே போயிட்டீங்க."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் பிரளயம் சார். மனைவி இருந்தவரை காதல் கதை எழுதிய மனுஷர்தான். அந்தம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்து தெருவே முங்கிக் கிடந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. ஐந்தாம் நாள் படகு வந்தது, அந்தம்மா இல்லை. அதற்கப்புறம் மனுஷர் உலகத்தை அழிக்கிற வேலையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று புத்தகம், மூன்று அழிவு. வேற்றுக்கிரகம், ராட்சதன் எல்லாம் கிடையாது. கரண்ட் நிற்கும், பாலம் உடையும், மருந்துக்கடை காலியாகும். எல்லாம் நிஜம் மாதிரியே இருக்க வேண்டுமாம். எந்த மருந்து எத்தனை மாசம் கெடாது என்று கடையில் நோண்டி நோண்டிக் கேட்டதில், கடைக்காரர் போலீஸுக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டார்.

"தன் பெண்டாட்டி போயிட்டா, அடுத்தவன் மட்டும் நல்லா இருக்கலாமாங்கற வயித்தெரிச்சல்," என்பது முதல் மாடியின் தீர்ப்பு. செகரட்டரியின் வீடு முதல் மாடி.

மணி பத்தே முக்கால். செகரட்டரி எழுத்தாளரை ஒதுக்கிவிட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். வால்வின் கைப்பிடி கையோடு வந்தது. தண்ணீர் வரவில்லை.

பிளம்பருக்குப் போன் போட்டார். "தொடாம வைங்க சார், அரை மணியில வந்துடறேன்," என்றான் அவன்.

"அரை மணிக்கு நான் எங்கடா போவேன்?" என்று சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டார். வால்வு உடைந்து பறந்தது. தொட்டித் தண்ணீர் பீறிட்டு மொட்டைமாடியை நிரப்பி, படிக்கட்டில் அருவியாக இறங்கியது.

சொல்லி வைத்ததுபோல மாப்பிள்ளை வீட்டார் படியேறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வழுக்கி, இரண்டு படி சறுக்கி, மூன்றாவதில் உட்கார்ந்தார்.

செகரட்டரி ஓடி வந்து தூக்கிவிட்டார். "ஒண்ணுமில்லீங்க, இங்க வாராவாரம் படியைக் கழுவி விடறது."

"ரொம்ப சுத்தமான இடம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, செருப்பைக் கையில் பிடித்தபடி. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

வீட்டில் தண்ணீர் இல்லை. செகரட்டரியின் மனைவி கணவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு உலகம் அழிந்தது.

செகரட்டரி மறுபடி மேலே ஓடினார். எழுத்தாளர் தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். விரலிடுக்கில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"போகுது சார், எல்லாம் போகுது!"

"தண்ணிதானேய்யா? நாளைக்கு லாரியில வரும்."

"வராதுன்னு வச்சுத்தானே சார் கணக்கு..."

செகரட்டரிக்கு ஒரு நிமிஷம் என்னவோபோல இருந்தது. ஆனால் கீழே சம்பந்தம் கைநழுவிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் வாடகைக்கு இருந்த வீட்டை, வெளியூரில் இருந்த அதன் சொந்தக்காரர் செகரட்டரி பொறுப்பில்தான் விட்டிருந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்? ஏன் சார் எங்களைக் கொன்னுக்கிட்டே இருக்கீங்க?"

எழுத்தாளர் வாயைத் திறந்தார். பதிலைக் கேட்க செகரட்டரிக்கு நேரமில்லை.

சம்பந்தம் ஒன்றும் கைநழுவவில்லை. அப்பா சறுக்கியதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்துத் தொலைத்தான்; கதவுக்குப் பின்னால் செகரட்டரி மகளும் சிரித்துத் தொலைத்தாள். இரண்டே மாசத்தில் கல்யாணம் முடிந்து, இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள்.

அதற்கு முன்பே எழுத்தாளர் போய்விட்டார். ஒரு சின்ன வேன், பதினோரு புத்தகப் பெட்டி, ஒரு கட்டில். தங்கை வீட்டுக்கு என்றார். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். இறங்கிப் போய் ஒரு பெட்டியைப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்த வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

அடுத்த வருஷம் லீவுக்கு வந்த மகள் கையில் பிரளயம் சாரின் புதுப் புத்தகம்.

"அதை ஏம்மா படிக்கிறே?" என்றார் செகரட்டரி. "ஊர்ல ஒருத்தரையும் விடாம சாகடிக்கிற ஆளு."

மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாமெல்லாம் பத்தாவது பக்கத்துலயே செத்துடறோம்ப்பா. மிச்சம் முந்நூறு பக்கமும், அவர் வீட்டு ஆன்ட்டி ஒருத்தரை எப்படியாவது உயிரோட வச்சிருக்கத்தான்."