எம்.ஏ. முடித்தவனின் பிளஸ் டூ

"பத்திரிகை அச்சுக்குப் போவுது மாப்ள. உங்க பேருக்குக் கீழ சப்-இன்ஸ்பெக்டர்னு போட்டுடலாமா?"

சேத்தியாத்தோப்பிலிருந்து வருங்கால மாமனார் ராமாமிர்தம் போனில் கேட்டார். கடலூரில் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த கான்ஸ்டபிள் செந்தமிழ்செல்வன், "போடுங்க மாமா" என்று சொல்லித் தொலைத்தான்.

அன்று காலைதான் அவன் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. எஸ்.ஐ. ஆக டிகிரி வேண்டும். அந்த டிகிரிக்கு முன்னால் பிளஸ் டூவும் வேண்டும். அவன் பத்தாவதோடு காக்கி போட்டவன். பிறகு தபாலில் நேராக பி.ஏ., எம்.ஏ. நடுவில் பிளஸ் டூ மட்டும் இல்லை.

எஸ்.ஐ. இல்லையென்றால் கயல்விழியும் இல்லை. "படிச்ச ஆபீசருக்குத்தான் பொண்ணு. அரைகுறைங்கள எங்க பரம்பரையிலயே சேத்ததில்ல" என்று நிச்சயதார்த்தத்தன்றே சபையில் முழங்கியவர் ராமாமிர்தம்.

"இப்ப பிளஸ் டூ எழுதிடு மச்சான், அடுத்த செலக்‌ஷனுக்கு ஆவும்" என்றான் கூட வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ்.

"எம்.ஏ. முடிச்சிட்டா?"

"சிதம்பரத்துல எழுது. அங்க உன்ன எவனுக்குத் தெரியும்?"

தேர்வுக்கு முதல் நாள் கயல்விழி கூப்பிட்டாள். "நாளைக்கு நானும் அம்மாவும் ஜவுளி எடுக்கக் கடலூர் வர்றோம். அப்பாவுக்கு ஏதோ வேலையாம். நீங்க வந்துடுங்க."

"நாளைக்கா? சிதம்பரத்துல பரீட்சை பந்தோபஸ்து!"

"அப்ப சிதம்பரத்துலயே எடுத்துக்கறோம். ஸ்கூலுக்கு வந்து உங்கள யூனிஃபார்ம்ல பாக்கணும்னு அம்மாவுக்கு ஆச."

அவன் பதில் சொல்வதற்குள் போன் கைமாறியது.

"எந்த ஸ்கூலு மாப்ள?" ராமாமிர்தத்தின் குரல் ஏனோ கம்மியிருந்தது.

தெற்கு வீதியில் எழுதப்போகிறவன், "மேல வீதி" என்றான்.

"மேல வீதியா? அப்ப தாராளமா வரட்டும்!"

மறுநாள், வழியில் கயல்விழி கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று யூனிஃபார்மிலேயே கிளம்பினான். தெற்கு வீதிப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். பிட்டு வைத்திருந்த பையன்கள் பாத்ரூமுக்கு ஓடினார்கள். தலைமையாசிரியை, "நல்லவேளை வந்தீங்க சார், கேள்வித்தாள் கட்டுகிட்ட நில்லுங்க" என்றார். நின்றான். மணி அடித்ததும் மெல்ல நழுவி ஹாலுக்குள் போய் உட்கார்ந்தான்.

"சார், போலீஸ் வெளியதான் நிக்கணும்" என்றார் மேற்பார்வையாளர் ஜான்சி டீச்சர்.

"நான் எழுத வந்தவன் மேடம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. பின் பெஞ்சில் மட்டும் யாரோ இருமினார்கள். செந்தமிழ்செல்வன் திரும்பவில்லை. முதல் பதிலை எழுதத் தொடங்கினான்.

அரை மணி நேரம் போயிருக்கும். போனில் கேட்டுப் பழகிய குரல் ஒன்று பின்னாலிருந்து கிசுகிசுத்தது.

"மாப்ள, அந்தத் தோள கொஞ்சம் எறக்குங்க, ஒண்ணுந் தெரியல... உங்க அத்தகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."