ஊரை உண்டாக்கியவர் வெளியூர்க்காரர் ஆன கதை

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. எங்கள் நகரமைப்பு அலுவலகத்துக்கு அடிக்கடி வந்துபோகும் ஓய்வுபெற்ற சர்வேயர் சொன்னது. சொந்தக் கதை என்பதால் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்திருப்பார். சாய்த்தே இந்த லட்சணம்.

அவருடைய குடியிருப்பு எந்த நகரத்திலும் சேர்த்தி இல்லை. அதைத் தனி நகரமாக்கி, முதல் தலைவராக உட்காருவது என்று தீர்மானித்தார். சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அரசின் வளர்ச்சித் திட்டத்தில் நகரம் வரலாம் என்று வரைந்த கோட்டுக்குள் இடம் இருக்க வேண்டும், இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் வசிக்க வேண்டும். வீடு வீடாக எண்ணினார், ஆயிரத்து ஐந்நூற்று நான்கு. கடைசி ஆள் பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. தலைவராக நிற்பவர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். இருபது வருஷமாக இருக்கிறார்.

அவர் மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. முன்பு சர்வேயர் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தார். அவர் கூட்டத்துக்குப் போய்விடுவார். அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு எல்லாம் அந்த அம்மாவிடம் வந்து கதவைத் தட்டும். வேண்டாம் என்று நேராகவே சொல்லிப் பார்த்தார்.

"சங்கத்துக்கே மூணு வருஷம் வாசல்ல நின்னேன். நகரம்னா வாசல்லயே படுத்துக்கணும்."

"பெரிய காரியம்னா கொஞ்சம் இடைஞ்சல் இருக்கும்மா."

"காரியம் உங்களுக்கு, இடைஞ்சல் எனக்கா?"

சர்வேயர் நகரம் கேட்கும் மனுவுக்குக் கையொப்பம் வாங்க அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அதன்பின் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் செய்யக் கூடாத பிழை.

நகரத்துக்கு அனுமதி தரலாமா என்று அதிகாரி ஊராரைக் கேட்கும் பொது விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு மனைவி மெதுவாகக் கேட்டார்.

"என்னங்க, ஓரத்து வீட்டுக்காரங்க இந்த நகரம் வேண்டாம்னா என்ன பண்ணணும்?"

"விசாரணைக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தா, எல்லைக் கோட்டை அவங்க வீட்டுக்கு இந்தப் பக்கமா போட்டுடுவாங்க. வீடு யார் பேர்ல இருக்கோ, அவங்க எழுதணும்."

"ஒரு அம்மாவுக்கு வேணுமாம். நீங்க எழுதினா யாராலயும் மறுக்க முடியாதாம்."

சர்வேயர் மனம் குளிர்ந்துபோனார். எதிர்ப்பவருக்கும் உதவுவதுதான் தலைவருக்கு அழகு என்று, பெயருக்கும் கதவு எண்ணுக்கும் இடம் விட்டு, ஓட்டை இல்லாத ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். தெருவில் கடைசி வீடு தன்னுடையது என்பதும், பத்திரம் மனைவி பெயரில் இருக்கிறது என்பதும் அன்று அவர் நினைவுக்கு வரவில்லை.

விசாரணையில் அதிகாரி அதைப் படித்தார். இவ்வளவு தெளிவான விண்ணப்பத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டு அனுமதித்தார். நகரம் பிறந்தது. அதைப் பெற்றவர் கோட்டுக்கு வெளியே நின்றார்.

"இப்படிக் கவுத்துட்டியே" என்றாராம் வீட்டுக்கு வந்து.

"நீங்க கேட்ட நகரம் வந்துடுச்சு இல்ல? ரெண்டு பேர் போனாலும் ஆள் கணக்கு குறையாது. எண்ணிப் பார்த்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன். உட்காருங்க, காபி ஆறுது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விலகிய வீடு திரும்பச் சேர வழி உண்டா என்று விதிகளைப் புரட்டினேன். உண்டு, உரிமையாளர் விண்ணப்பித்தால் போதும். அந்த வீட்டுக் கோப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். இதுவரை ஐந்து விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஐந்தும் அவர் எழுதியவை, ஒரு பிழை இல்லை. உரிமையாளர் கையொப்பமிடும் இடம் ஐந்திலும் காலி.