டெய்ரியும் பாதி எலுமிச்சம்பழமும்

பிள்ளைகளா, ஒரு இங்கிலீஷ் வார்த்தை எங்கிருந்து பிறந்தது என்று தெரிந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். பத்தாவதோடு நின்றவனுக்கு எதற்கு இந்த வியாதி என்று கேட்காதீர்கள். (பொள்ளாச்சிச் சந்தையில் அட்டை கிழிந்த டிக்‌ஷனரி வாங்கியதிலிருந்து பிடித்தது.)

எழுபதுகளில் ஒரு சித்திரை. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மீனாட்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாகப் பால் லாரி வரப்போகிறது. அன்று பால் நன்றாக இருந்தால் தினமும் வரும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். உங்கம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த சிவலை மாடு அப்போதுதான் கறவைக்கு வந்திருந்தது. லாரியை நம்பித்தான் அவள் இன்னொரு மாடு வாங்க நினைத்திருந்தாள். தெருவில் ஆறு வீட்டுப் பாலையும் தானே வடிகட்டி ஒரு கேனில் நிரப்பி வைத்தாள்.

வரவேற்புரை என் பொறுப்பு. டெய்ரி என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். புதையல்! பழைய இங்கிலீஷில் மாவு பிசைகிற வேலைக்காரிக்கு ஒரு பேர் உண்டாம். பால் வேலையும் அவளே பார்த்ததால், அவள் வேலை செய்கிற இடம் டெய்ரி ஆகிவிட்டது. பிசைந்த மாவை ‘டோ’ என்கிறார்களே, அதற்கும் இதுதான் வேர். ‘லேடி’கூட ஆதியில் ரொட்டி மாவு பிசைந்தவள்தான். இதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து தெருவை நாலு தடவை அளந்தேன்.

லாரி வந்தது. என் பெரியப்பா எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, இரண்டு பாதியையும் என் கையில் கொடுத்தார்.

"லாரிக்குத் திருஷ்டி கழிக்கோணும். முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வெச்சுட்டு வா சாமி."

அதற்குள் லாரியோடு வந்த மலையாளத்துக்கார ஆபீசர் இறங்கி, கேன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல பாலாணல்லோ!" என்றார்.

அவ்வளவுதான். சக்கரம் மறந்துபோச்சு. நேராகக் கேனருகில் போய் நின்றேன்.

"சார், டெய்ரிங்கற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுங்களா?"

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். "சுருக்கா முடிடா" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். நான் வேலைக்காரியில் ஆரம்பித்து லேடிக்கு வந்து, திரும்ப மாவுக்குப் போனேன்.

"பிசையறதுன்னா சும்மா இல்லீங்க சார். இப்படி!"

இரண்டு கையையும் கேன் வாய்க்கு மேலே நீட்டி, அழுத்தி அழுத்திப் பிசைந்து காட்டினேன். கை தட்டுவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் கேனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். வெள்ளைப் பாலில் சிவப்பாக ஒரு கோடு சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு எலுமிச்சை விதை மிதந்தது.

"அய்யோ, எந்தா இது!" என்றார் ஆபீசர்.

"லாரிக்குக் கழிக்கச் சொன்னா பாலுக்குக் கழிச்சுப்போட்டானே!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். உங்கம்மா ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள். (அதுவரை அவள் ஆம்பிளைகள் முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.)

"ஏனுங்க சார், பாலுல ஒரு குத்தமும் இல்லீங்க. கெடுத்தது எங்க ஊட்டுக்காரருங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள் வாங்க. இவரு ஊர்லயே இருக்க மாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு."

"இவரெ எவிடே விடும்?" என்று ஆபீசர் சந்தேகமாகக் கேட்டார்.

"பொள்ளாச்சிக்குங்க. மொதப் பஸ்ஸுல."

மறுநாள் விடியற்காலையில் பருத்திக்கொட்டை வாங்க என்று பையைக் கொடுத்து என்னை ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பும்வரை நகரவில்லை. லாரி வந்தது, பாலை எடுத்தது, அதற்கப்புறம் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அடுத்த தையில் இரண்டாவது மாடும் வந்தது.

கடைக்குட்டி, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சிஸ்டர், நர்ஸுங்கற வார்த்தை எங்கிருந்து வந்துச்சு தெரியுங்களா? ஊட்டி வளர்க்கறதுன்னு..."

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த உங்கம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், மொதல்ல அவரு கையில இருந்து கொழந்தைய வாங்குங்க!"