ரேடியேட்டரில் காய்ச்சிய கஞ்சி

எதையும் தானே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன் கையில் திருப்புளியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாக இருந்த காலத்தில், புதுக்கடை என்ற ஊரில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினேன். அந்த நாட்டு விவசாயிகள் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்த வண்டி. ஒரு ஸ்பானரும் சுத்தியலும் போதும். (மூளையும் வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை.)

நான் பெண் கேட்டிருந்த ஞானாபரணம் வாத்தியாருக்கு இந்தக் கார்தான் உறுத்தல்.

"கார் வச்சிருக்கவன் மெக்கானிக்குக்குத்தான் சம்பாதிப்பான், தம்பி."

"இது அப்படியில்ல சாரே. வீட்டுல கெடக்க சாமான வச்சே நன்னாக்கிரலாம். ஒருக்கா ஏறிப் பாருங்க."

ஏறினார். திருவட்டாற்றில் அவர் அண்ணன் வீட்டுக் கல்யாணம். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருஷம். வாசலில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதாக உத்தேசம். கனத்த வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

பாதி வழியில் ரேடியேட்டர் ஒழுகியது. கொஞ்சம் மாவு போட்டால் ஓட்டை அடையும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மரச்சீனி மாவுதான் இருந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு மரவள்ளி.) ஓட்டை பெரிது என்று ஒரு படி முழுவதையும் கொட்டினேன்.

ஒழுக்கு நின்றது! அதோடு நானும் வாயை மூடியிருக்கலாம். ஒரு மேடு ஏறியதும் வண்டியை நிறுத்தி, "வந்து பாருங்க சாரே, ஒரு சொட்டு ஒழுகல" என்று மூடியைத் திறந்தேன்.

மரச்சீனி மாவு கொதிநீரில் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பனை உயரத்துக்குக் கஞ்சி எழும்பி, வாத்தியார் மேல் இறங்கியது. கோட்டின் கனம் அவர் தோலைக் காப்பாற்றியது.

"எலே! நாசமாப் போறவனே!" (தம்பி போய் எலே வந்துவிட்டது.)

குழாயைக் கழற்றி, கஞ்சியை வழித்தெறிந்து, குளத்துத் தண்ணீர் ஊற்றினேன். பாவம், கார் அதற்கும் சம்மதித்துக் கிளம்பியது. கோட்டு உடம்பில் ஒட்டாமலிருக்க வாத்தியார் இரண்டு கையையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தார். வெயிலும் காற்றும் கஞ்சிக் கோட்டை அப்படியே விறைக்கக் காயவைத்தன. திருவட்டாற்றில் இறங்கியபோது கை கீழே இறங்கவில்லை.

வாசலில் நின்ற அண்ணன், தம்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தார்.

"மக்கா! வந்துட்டியா!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். கோட்டு மடமடவென்று முறிந்தது. "அண்ணே" என்று வாத்தியாரும் அழுதுவிட்டார்.

நான் காருக்குப் பின்னால் பதுங்கினேன். என் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"அங்க நிக்கது யாருடே?" என்றார் அண்ணன்.

வாத்தியார் என்னை முறைத்தார். உண்மையைச் சொன்னால் கை விரிந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். கோட்டைப் பார்த்தார், அண்ணனின் ஈரமான முகத்தைப் பார்த்தார்.

"மருமோன்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"மரச்சீனி மாவு இருக்கு. கோட்டு போடுகது யாரு?"