ஒன்பதாம் எண் டப்பா போன பாதை

பைன் ஃபோர்க், இடாஹோ
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள ஆர்லோ அண்ணனுக்கு,

தங்கை சிக்னி எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய்; நேற்று பனிவண்டிக் கழகத்தின் வாசலில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஆகவே நலவிசாரணையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். ஃபோனிலேயே திட்டியிருக்கலாம். ஆனால் நான் கத்த ஆரம்பித்தால் நீ ஃபோனை மேசையில் வைத்துவிட்டு வண்டிக்கு எண்ணெய் ஊற்றப் போய்விடுகிறாய் என்று அண்ணியே சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் தொடங்கி நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மலையடிவாரத்து வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு, மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிரில், ஆறு சனிக்கிழமைகள் நின்றேன். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆரஞ்சு டப்பாவைக் கொடுத்தேன். அது சட்டைப்பையில் கிடந்தால் போதும், வண்டி போகும் பாதையைத் தானே குறித்துக்கொள்ளும். பனிவண்டிகள் எங்கே போகின்றன, கீரி இனத்தில் பிறந்து குட்டிக் கரடி போலிருக்கிற என் வுல்வரின்கள் எங்கே குட்டி போடுகின்றன என்று இரண்டையும் ஒரே படத்தில் போட்டு வன அலுவலகத்துக்குக் கொடுத்தால், முழு மலையையும் மூடாமல், மூட வேண்டிய இடத்தை மட்டும் மூடுவார்கள். கழகத் தலைவர் என்ற முறையில் நீதான் பெட்டி மேல் ஏறி நின்று பேசினாய்: "டேய், என் தங்கச்சி பாதையை மூட வரல. எதையெல்லாம் மூட வேணாம்னு காட்ட வந்திருக்கா. பொய் பண்ணாம எடுத்துட்டுப் போங்கடா." எனக்குக் கண் கலங்கியது. குளிரினால்தான் என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இரண்டடி புதுப்பனி விழுந்து வெயிலும் அடித்த அந்த சனிக்கிழமை, ஊரில் நடக்கத் தெரிந்தவன் எல்லாம் மலைக்குப் போன அந்த நாளில், பன்னிரண்டு டப்பாக்களில் ஏழு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை டாட்டியின் பாரை விட்டு நகரவே இல்லை. உங்கள் கழகத்து மெர்லைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு வண்டி ரிப்பேரும்மா" என்கிறான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை, மீதி முகம் வெயிலில் வெந்த தக்காளி! பாருக்குள் என்ன சூரியனா வைத்திருக்கிறாள் டாட்டி? அவனுடைய நாலாம் எண் டப்பா அடுத்த சனிக்கிழமை செய்தது அதற்கும் மேல். ஊர்த் தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கால் நிமிஷம் நின்று நின்று போகிறது. அவன் மனைவி ஃபே தபால் கொடுக்கப் போகிற ஜீப்பில் கிடந்திருக்கிறது! கேட்டால் மெர்ல் தலையைச் சொறிந்துகொண்டு, "அரசாங்கம் பாத்தா பாத்துட்டுப் போகட்டும் சிக்னி, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. உன் படத்தை கிர்க் பாத்துட்டான்னா? அடுத்த புதுப்பனியில எனக்கு முன்னாடி அவன்ல அங்க நிப்பான்!" என்கிறான். அவனோடு வண்டி ஓட்டுகிற அந்த கிர்க்கைக் கேட்டால், மெர்ல் பார்த்துவிடுவானாம். எனக்கு இதைவிட அவமானம் உண்டா? நீங்கள் ஏமாற்ற நினைத்தது என்னைக்கூட இல்லை! யாரும் தொடாத பனி எங்கே கிடக்கிறது என்று ஒருத்தனுக்கு ஒருத்தன் மறைக்கிறீங்க, அதுக்கு எட்டு வருஷ ஆராய்ச்சியைத் தூக்கி பார் மேசையில வெச்சுட்டுப் போறீங்க.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் ஒன்பதாம் எண் டப்பாவை மட்டும் பொறுக்க முடியாது. தலைவர் ஆயிற்றே என்று, செயற்கைக்கோளுக்கே நேராகத் தகவல் அனுப்பும் ஒரே டப்பாவை உனக்குக் கொடுத்தேன். அது ஒழுங்காக மலைச்சரிவு வரை பனிவண்டி வேகத்தில் போகிறது. மதியம் அரை மணி நிற்கிறது. சாப்பிட்டிருக்கிறாய், சரி. பிறகு? வடக்குச் சுவரில், ஆடுகூடச் சுற்றிப் போகிற அந்தப் பாறையில், இரண்டாயிரம் அடி, ஒரு வளைவு இல்லாமல், நேர்க்கோடாக ஏறுகிறது! உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கிடக்கிறது. கிளம்புகிறது, சுற்றுகிறது, திரும்ப அதே இடம். மூன்று நாள் இதே கூத்து. மெர்ல் மகனின் ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டீர்கள்தானே? ஃபோனில் கேட்டேனே, என்ன சொன்னாய்?

"சத்தியமா தொலைஞ்சு போச்சு சிக்னி. சாப்பாட்டுப் பையில வெச்சிருந்தேன், பையோட காணோம்."

"எங்க?"

"மலையில."

"மலையில எங்கண்ணா?"

"மலையிலதான்டி! பை நிறைய எல்க் மான் உப்புக்கண்டம் போச்சேன்னு நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன், நீ வேற."

தலைவரும் தன் இடத்தைத் தங்கையிடம் சொல்ல மாட்டார். நல்லது. நாளை வன அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன்: படத்தைக் குப்பையில் போடுங்கள், பனிவண்டிக்காரர்களின் தடங்கள் அத்தனையும் பொய். அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தெரியாத இடத்தையெல்லாம் சேர்த்து மலை முழுவதையும் மூடுவார்கள். டிசம்பர் முதல் மே வரை. நீங்கள் எல்லோரும் உண்மையாகவே டாட்டியின் பாரில் உட்கார்ந்திருக்கலாம். அப்போதாவது என் படம் சரியாக இருக்கும்.

மாவிஸ் அண்ணிக்கு என் அன்பு. அவர் சுட்டு அனுப்பிய ஹக்கிள்பெரிப் பழப் பண்டத்துக்கு நன்றி. தட்டை நானே கொண்டுவந்து தருகிறேன், நீ வீட்டில் இல்லாத நேரத்தில். உங்கள் செல்ல நாய் பிஸ்கட்டுக்கு என் முத்தம். அந்த வீட்டில் எனக்கு உண்மையாக இருப்பது அது ஒன்றுதான். உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெட்கமும் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை
சிக்னி பெர்க்விஸ்ட்

பின்குறிப்பு: உன் மோசடிக்குச் சாட்சியாக இத்துடன் இணைக்கலாம் என்று ஒன்பதாம் எண்ணின் தடத்தை அச்செடுத்தேன். வைக்க இடமில்லாமல் சுவரில், ஆறு வருஷத்துக்கு முன்னால் தடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய பெண் வுல்வரினின் தடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதே பாறை. அதே நேர்க்கோடு. வளைந்து போவதைக் கேவலமாக நினைக்கிற பிராணி உலகத்தில் அது ஒன்றுதான்; அதைப் பற்றி நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். உன் பையைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பையின் வார் அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்; அவள் போன இடமெல்லாம் டப்பாவும் போயிருக்கிறது. மார்ச் மாதத்தில் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகிறாள் என்றால், அண்ணா, அங்கே குட்டிகள் இருக்கின்றன. எட்டு வருஷமாக நான் தேடிய வளை. உங்கள் வண்டி எதுவும் ஏற முடியாத பக்கம். அதை மட்டும் மூடச் சொன்னால் போதும், உங்கள் சரிவு உங்களுக்கே.

நாளை எழுதுவதாகச் சொன்ன கடிதத்தை எழுதப்போவதில்லை. வியாழக்கிழமை வா. உப்புக்கண்டம் எத்தனை பவுண்டு என்று சரியாக யோசித்துக்கொண்டு வா. வளையைப் பதிவு செய்யும் படிவத்தில் 'இரை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மெர்லையும் மற்ற ஆறு பேரையும் உண்மைப் பாதையை என் படத்தில் தனித்தனியாக வந்து வரையச் சொல். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்க்க மாட்டார், என் பொறுப்பு.

அந்த வளை இருக்கும் இடம் உனக்கும் எனக்கும் வன அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியலாம். செய்தி வெளியே போனால் கேமராவோடு ஊரே ஏறிவிடும். யார் கேட்டாலும் எங்கே என்று சொல்லாதே. துருவித் துருவிக் கேட்டால் "மலையில" என்று சொல். உனக்கு நன்றாக வரும்.